துண்டு போட்டாச்சா?

காலை எட்டு மணிக்கு போன் அடித்தால் எங்கள் வீட்டில் யாரும் அவசரப்பட்டு எடுப்பதில்லை. ஒன்று, லோன் வேண்டுமா என்று கேட்கும் குரலாக இருக்கும். இல்லாவிட்டால் ஊரிலிருந்து சித்தப்பா. "டேய், ரயில் புக்கிங் திறந்துட்டான், பொங்கலுக்கு டிக்கெட் போடு, போடு!" என்று பதறுவார். அவர் பதறி முடிப்பதற்குள் வெயிட்டிங் லிஸ்ட் முந்நூறைத் தாண்டியிருக்கும்.

அன்றைக்கு அடித்தது அமெரிக்கா. நியூஜெர்சியில் இருக்கும் மச்சான். என் மனைவியின் அண்ணன்.

"மாப்ளே, நீங்க பி.காம். ஆச்சே. கணக்குப் போட்டு ஒரு பதில் சொல்லுங்க. ரெண்டு மாசம் கழிச்சு குடும்பத்தோட ஃப்ளோரிடா போறோம். டிஸ்னி வேர்ல்டு. அங்கே சிண்ட்ரெல்லா கோட்டைக்குள்ளேயே ஒரு ரெஸ்டாரன்ட் இருக்கு. பாப்பா அங்கதான் சாப்பிடணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. எங்க ஊர் விடிகாலைல புக்கிங் திறக்குது. அலாரம் வச்சு எழுந்து போட்டுடலாமா, இல்லை நேர்ல போய்ப் பார்த்துக்கலாமா?"

"எந்த வேளைச் சாப்பாடு மச்சான்?"

"மத்தியானம் பன்னண்டு நாற்பதுக்குக் கிடைச்சா நல்லது."

எனக்குக் கொஞ்சம் மயக்கமாக வந்தது. அறுபது நாள் கழித்து, மத்தியானம் பன்னிரண்டு நாற்பதுக்கு, தனக்குப் பசிக்கும் என்று ஒரு மனிதர் இன்றைக்கே உறுதியாகச் சொல்கிறார். எனக்கு இன்று ராத்திரி வீட்டில் தோசையா உப்புமாவா என்பதே தெரியாது. தெரிந்துகொள்ளும் உரிமையும் கிடையாது.

"புக் பண்ணிட்டுப் போகாம விட்டா?"

"தலைக்குப் பத்து டாலர் பிடிச்சுப்பான். நாலு பேர், நாற்பது டாலர். இப்பவாவது பரவாயில்லை மாப்ளே. 2020-க்கு முன்னாடி 180 நாள் முன்னாலயே புக்கிங் திறப்பாங்க. இப்ப அறுபதாக் குறைச்சிட்டாங்க. உங்க ஊர்ல இந்தப் பிரச்னையெல்லாம் ஏது? நீங்க கொடுத்து வச்சவங்க" என்றார்.

கடைசி வாக்கியம் பாராட்டா, குத்தலா என்று புரியவில்லை. 'சாயங்காலத்துக்குள் சொல்கிறேன்' என்று வைத்துவிட்டேன். அவர் ஊரில் விடிகாலை என்றால் நமக்குச் சாயங்காலம் நாலு மணி சுமார். ஆக, ஒரு முழு ஆபீஸ் நாள் கையில் இருந்தது.

* * *

இந்த மாதிரிப் பத்தி எழுதி வருவது காபிக்கு ஆகும். சாப்பாட்டுக்காக தி.நகரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் பகுதி நேரம் கணக்கு எழுதுகிறேன். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் இல்லாத நாட்களில் அந்த ஆபீஸைவிடச் சிறந்த பட்டிமன்றம் சென்னையில் இல்லை. தலைப்பைப் போட்டேன்: 'சாப்பாட்டுக்கு முன்பதிவு அவசியமா, அநாவசியமா?'

முதலில் எழுந்தவர் சீனியர் அக்கவுண்டன்ட். முப்பது வருஷ சர்வீஸ்.

"ரிசர்வேஷன்ங்கிறது என்னமோ அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்ச மாதிரி பேசறீங்க. பஸ் நிக்கறதுக்கு முன்னாடியே ஜன்னல் வழியாத் துண்டைப் போட்டு சீட்டைப் பிடிச்ச பரம்பரை சார் நம்மது. 29சி-ல நான் போடாத கர்ச்சீப்பா?"

நியாயம். யோசித்துப் பார்த்தால் துண்டு ஒரு மகத்தான ஏற்பாடு. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ஐ மூன்று தடவை படித்திருக்கிறேன் (ஒரே பேப்பரை மூன்று தடவை எழுதியதால்). அதில் துண்டைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஆனாலும் ஓர் அழுக்குத் துண்டு கிடக்கிற சீட்டில் உட்கார எந்தத் தமிழனும் துணிவதில்லை. அட்வான்ஸ் இல்லை, ரசீது இல்லை, ஓ.டி.பி. இல்லை. துண்டுதான் சாட்சி. கேன்சல் செய்வதும் சுலபம். துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டால் முடிந்தது.

துண்டுக்கு அடுத்த கட்டம், பின்னால் நிற்பது. கல்யாணப் பந்தியில் சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, முதுகைப் பார்த்துக்கொண்டே அவரைச் சாப்பிட வைக்கும் கலை. இதில் யார் பின்னால் நிற்பது என்று தேர்ந்தெடுப்பதில்தான் அனுபவம் தெரியும். நாங்கள் கூடி விவாதித்து எடுத்த முடிவுகளை இளைஞர்கள் நலனுக்காக இங்கே தருகிறேன்.

ஒன்று: சாம்பாரில் இருப்பவர் பின்னால் நிற்கவே கூடாது. அவருக்கு இன்னும் வாழ்க்கை பாக்கி இருக்கிறது.

இரண்டு: ரசத்தில் இருப்பவர் நம்பிக்கைக்கு உரியவர் மாதிரித் தெரிவார். ஆனால் ரசத்துக்குப் பிறகு, "அந்த வத்தக்குழம்பு இன்னொரு தரம் வருமா?" என்று திரும்பிப் போகிற ஜாதி ஒன்று உண்டு. கண்ணைப் பார்த்தாலே தெரியும். ஒதுங்கிவிடவும்.

மூன்று: பாயசத்தை இலையில் விட்டு வழித்துச் சாப்பிடுகிறவர், பத்து நிமிஷம். டம்ளரில் வாங்கி ஒரே மூச்சில் குடிப்பவர், மூன்று நிமிஷம்.

நான்கு: தயிர் சாதத்துக்கு ஊறுகாய் கேட்டுவிட்டால் நீங்கள் கர்ச்சீப்பைத் தயாராக எடுத்துக்கொள்ளலாம்.

ஐந்து: இலையை மடித்தபிறகும் பக்கத்து இலைக்காரருக்காகக் கம்பெனி கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. இவர்கள் நண்பர்கள் அல்ல, சம்பந்திகள். வேறு வரிசைக்குப் போய்விடவும்.

இந்த ஐந்தும் தெரிந்தவனுக்கு எந்த ஆப்பும் தேவையில்லை என்று சீனியர் முடித்தார். ஆர்ட்டிகிள்ஸ் பையன்கள் இரண்டு பேரும் கைதட்டினார்கள்.

* * *

எதிர்த்தரப்பில் பேச வந்தவர் டாக்ஸேஷன் பார்க்கிற இளைஞர். கல்யாணம் நிச்சயமானவர். தன் சொந்தக் கதையையே சாட்சியாக வைத்தார்.

நிச்சயமான பெண்ணை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அடையாறு தாண்டி ஒரு நல்ல ரெஸ்டாரன்ட்டுக்கு அழைத்துப் போயிருக்கிறார். புக் செய்யவில்லை. வாசலில் ஒருவர் பெயரை எழுதிக்கொண்டு, "பத்து நிமிஷம் சார்" என்றிருக்கிறார். அந்தப் பத்து நிமிஷம் ஐம்பது நிமிஷம் ஓடியது.

"முதல் கால் மணி நேரம் சினிமா பத்திப் பேசினோம். அப்புறம் என் சம்பளம், பி.எஃப்., வீட்டு லோன், எங்க பாட்டிக்கு சுகர், எல்லாத்தையும் சொல்லி முடிச்சிட்டேன். உள்ளே போய் உட்கார்ந்தா பேச ஒண்ணுமே இல்லை சார். ரெண்டு பேரும் மெனு கார்டையே ரொம்ப நேரம் படிச்சோம்."

"பெண் என்ன சொன்னாங்க?"

"'அடுத்த தடவை நானே புக் பண்ணிடறேன்'னாங்க. அந்தக் குரல்ல எனக்கு என் மொத்த எதிர்காலமும் தெரிஞ்சுது."

இதற்கு உடனே பதில் சொன்னார் எங்கள் ஆடிட்டர். மேலிடம். அவரும் ஒரு தடவை முன்யோசனையாக இருந்து பார்த்தவர். மனைவி பிறந்தநாளுக்கு எட்டுப் பேருக்கு ஒரு பஃபே. மூன்று வாரம் முன்னால் ஆப்பில் முழுப் பணமும் கட்டிவிட்டார். அந்த சனிக்கிழமை காலையிலிருந்து அவருக்கு வயிறு சரியில்லை. கட்டின பணத்தை விட மனசில்லை. போனார். நாற்பது அயிட்டங்களுக்கு நடுவில், ஒரு கப் தயிர் சாதமும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுமாக உட்கார்ந்திருந்தார்.

"போன பணம் போனதுதான், அதை வச்சு அடுத்த முடிவை எடுக்காதேன்னு கிளாஸ்ல நாங்க சொல்லித் தர்றோம். எங்க வயிறுன்னு வரும்போது மறந்துடறோம்" என்றார். அவருக்குத் தயிர் சாதம் தலைக்கு ஆயிரத்துச் சொச்சம் விழுந்தது. கொள்முதல் விலையை விசாரிக்க எங்களுக்கு தைரியம் வரவில்லை.

* * *

ஆக, இரண்டு பக்கமும் அடிபட்டவர்கள் இருக்கிறார்கள். இனி கணக்குதான் ஒரே வழி. பேப்பரை எடுத்தேன்.

ரெண்டு மாசத்துக்கு முன்னால் புக் செய்கிறவர்கள் எல்லாரும் போய்ச் சேருகிறார்களா? இதைக் கேட்க டிஸ்னிக்குப் போக வேண்டாம், எழும்பூர் ஸ்டேஷன் போதும். நம் ரயில்வேயில் 120 நாள் முன்னதாக டிக்கெட் போடலாம் என்று இருந்ததை 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகக் குறைத்தார்கள். அப்போது ரயில்வே சொன்ன காரணம் சுவாரஸ்யமானது. 61 முதல் 120 நாள் முன்னதாகப் போட்ட டிக்கெட்டுகளில் சுமார் 21 சதவீதம் கேன்சல் ஆகிவிடுகிறதாம். இன்னும் 4, 5 சதவீதம் பேர் கேன்சலும் செய்யாமல், வண்டியும் ஏறாமல் இருந்துவிடுகிறார்களாம்.

அதாவது நாலு பேர் அவ்வளவு முன்னால் துண்டு போட்டால், அதில் ஒருவர் துண்டு மட்டும்தான் கடைசியில் மிஞ்சுகிறது. அதற்குள் அந்த சீட்டுக்காக ஏங்கின எங்கள் சித்தப்பா மாதிரி ஆட்கள் வெயிட்டிங் லிஸ்ட்டில் வேர்த்துக்கொண்டிருப்பார்கள். தேதி தள்ளிப்போகப் போக, அது நிஜமான திட்டமா வெறும் ஆசையா என்பது போடுகிறவருக்கே தெரிவதில்லை. டிஸ்னிக்காரன் 180-ஐ 60 ஆக்கியதும், நம்ம ரயில்வே 120-ஐ 60 ஆக்கியதும் பேசிவைத்துச் செய்ததில்லை. ஆனாலும் ஒரே நம்பருக்கு வந்து நிற்கிறார்கள் பாருங்கள்.

பத்து டாலர் அபராதத்தின் சூட்சுமமும் இதுதான். ரயில் பெர்த்தும், மத்தியானம் பன்னிரண்டு நாற்பது மணி நாற்காலியும் ஒரே சரக்கு. வண்டி கிளம்பிவிட்டால் காலி பெர்த்துக்கு விலை பூஜ்யம். மூட்டை கட்டி நாளைக்கு விற்க முடியாது.

சரி, அப்படியானால் நம் மயிலாப்பூர், மாம்பலம் ஓட்டல்களில் ஏன் யாரும் புக் செய்வதில்லை? இதற்கும் கணக்கு இருக்கிறது.

ஓர் ஓட்டலில் இருபது டேபிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர் டிபன் கடையில் ஒருவர் உட்கார்ந்து, ரெண்டு இட்லி ஒரு வடை, காபி குடித்து எழுந்திருக்க இருபது நிமிஷம். இருபது டேபிள், இருபது நிமிஷம். சராசரியாக நிமிஷத்துக்கு ஒரு டேபிள் காலியாகிறது. உங்களுக்கு முன்னால் பத்து குரூப் நின்றாலும் பத்தே நிமிஷத்தில் உள்ளே.

அதே இருபது டேபிள், ஆனால் மெழுகுவத்தி, மெல்லிய இசை, சூப், ஸ்டார்ட்டர் என்று ஒருவர் ஒன்றரை மணி நேரம் உட்காருகிற இடம். அங்கே நாலரை நிமிஷத்துக்கு ஒரு டேபிள்தான் காலியாகும். பத்து குரூப் என்றால் நாற்பத்தைந்து நிமிஷம். நம் டாக்ஸேஷன் இளைஞர் நின்ற ஐம்பது நிமிஷம் வந்துவிட்டதா இல்லையா?

இதுதான் சூத்திரம். சட்டென்று எழுந்திருக்கிற இடத்துக்குக் கர்ச்சீப். சாவகாசமாக உட்காருகிற இடத்துக்கு புக்கிங்.

அதனால்தான் மயிலாப்பூர் ராயர் மெஸ்ஸில் காலை இட்லிக்கு யாரும் ஆப்பைத் தேடுவதில்லை. உள்ளே இருப்பதே கொஞ்சம் இடம். ஒரு செட் எழுந்ததும் அடுத்த செட். வெளியே ஐ.டி. கம்பெனி மேனேஜரும் பூக்கடைக்காரரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். பங்குனியில் அறுபத்துமூவர் அன்றைக்கு மாட வீதிகளில் போய்ப் பாருங்கள். நீர்மோர், பானகம், புளியோதரை என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அங்கே வேண்டாம் என்று தப்பிப்பதற்குத்தான் முன்யோசனை தேவை. திருமலையில் முந்நூறு ரூபாய் தரிசன டிக்கெட்டைக்கூட மாதக்கணக்கில் முன்னால் போட வேண்டியிருக்கிறது. ஆனால் அதே மலையில் அன்னதானக் கூடத்தில் சாப்பிட முன்பதிவு கிடையாது. பெருமாளைப் பார்க்கத்தான் துண்டு போட வேண்டும். பசிக்கு வேண்டாம்.

"பிரமாதம்! நிற்கிறவனுக்குச் சாப்பாடு. பெரியவன் சின்னவன் கிடையாது. இதுதான் சார் சமதர்மம். மச்சானுக்கு எழுதிப் போடுங்க, 'நேர்ல போய் நின்னுக்கோ'ன்னு!" என்றார் சீனியர்.

போனைக் கையில் எடுத்தேன். எழுத முடியவில்லை. அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

* * *

போன வருஷத்துக்கு முந்தின மார்கழி. டிசம்பர் சீசன். சபா கேண்டீனில் ஒரு நாள் இலை போட்டுச் சாப்பிட வேண்டும் என்று அம்மா மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். 'பார்க்கலாம்மா' என்று நானும் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். 'பார்க்கலாம்' என்பது தமிழில் மிக மரியாதையான 'முடியாது' என்று அம்மாவுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் கேட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீர் என்று ஞானோதயம் வந்து கிளப்பிக்கொண்டு போனேன். மத்தியானம் ஒரு மணி. உள்ளே நுழைந்தால் ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஒரு ஆள். சில நாற்காலிகளுக்குப் பின்னால் இரண்டு. எனக்கென்ன பயம், பந்தியில் பி.எச்டி. ஆயிற்றே? டம்ளரில் பாயசம் குடிக்கிற ஒருவரைப் பார்த்து அம்மாவை அவருக்குப் பின்னால் நிறுத்தினேன். நான் இன்னொருவர் முதுகைப் பிடித்தேன்.

பாயசக்காரர் எழுந்தார். அம்மா நாற்காலியைப் பிடிப்பதற்குள், பக்கவாட்டிலிருந்து ஒரு பையன் சறுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. இருபது வயதில் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா வேறு நாற்காலிக்கு நகர்ந்தாள். அங்கேயும் அதே கதை. மூன்றாவது நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, இடது காலைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். மூட்டு வலி. வீட்டில் பூஜை அறையில்கூட ஸ்டூல் போட்டுத்தான் உட்காருவாள். அது எனக்குத் தெரியும். நாற்காலியைத் தேடுகிற வேகத்தில் மறந்துபோயிருந்தது.

பதினைந்து நிமிஷம் கழித்து என் தோளைத் தொட்டாள்.

"எனக்குப் பசிக்கலைடா. வா, போயிடலாம்."

ஆட்டோவில் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து காலை வடித்த சாதத்தில் மோர் விட்டுப் பிசைந்து இரண்டு தரம் போட்டுக்கொண்டாள். பசிக்கவில்லை என்று சொன்னவள்.

சீனியர் சொன்ன சமதர்மம் சரிதான். நிற்பதற்குக் காசு வேண்டாம், சிபாரிசு வேண்டாம். ஆனால் கால் வேண்டும். முன்பதிவு என்றால் போனும் கார்டும் இருப்பவன் ஜெயிக்கிறான். நிற்பது என்றால் முழங்காலும் முழங்கையும் பலமாக இருப்பவன் ஜெயிக்கிறான். இரண்டிலும் என் அம்மா ஜெயிக்கப் போவதில்லை. அவளுக்கு பதிலாக யாராவது முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும். அது என் வேலை. மூன்று வருஷம் அவகாசம் இருந்தும் நான் அதைச் செய்யவில்லை.

* * *

போன மார்கழிக்கு நான் புத்தி வந்தவனாக நடந்துகொண்டேன். ஐப்பசியிலேயே தினசரி காலண்டரைப் புரட்டி, டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமைத் தாளின் மூலையை மடித்து, 'அம்மா - கேண்டீன்' என்று எழுதினேன். கேண்டீனில் இடம் ரிசர்வ் செய்ய மாட்டார்கள். ஆனால் தேதியை ரிசர்வ் செய்வதை யார் தடுக்க முடியும்? ஆடிட்டரிடம் அன்றைக்கே லீவு சொன்னேன். "ரெண்டு மாசம் கழிச்சு ஒரு மணி நேரத்துக்கு இப்பவே லீவா?" என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

இடையில் ஒரு நாள் தனியாகப் போய் நோட்டம் விட்டேன். பெரிய கச்சேரி இடைவேளையில் கூட்டம் அள்ளும். ஞாயிற்றுக்கிழமை ஆகவே ஆகாது. வார நாளில், முதல் பந்தி போடுகிற நேரத்துக்குக் கால் மணி முன்னால் போனால் மூச்சு விடலாம்.

அதற்கு மேலும் ஒரு பாதுகாப்பு செய்தேன். ஆபீஸ் ஆர்ட்டிகிள்ஸ் பையன்கள் இரண்டு பேரையும் முன்னாலேயே அனுப்பி உட்கார வைத்துவிட்டேன். சம்பளம், ஆளுக்கு ஒரு முழுச் சாப்பாடு. அம்மா மெதுவாக நடந்து உள்ளே வந்ததும் ஒருவன் துள்ளி எழுந்து நாற்காலியைத் துடைத்துவிட்டு, "உட்காருங்க பாட்டி" என்றான். அதுவரை நான் போட்டதிலேயே விலை உயர்ந்த துண்டு அதுதான். கொஞ்சம் அதிகமாகச் சாப்பிடுகிற துண்டும்கூட.

அம்மா ஒரு மணி நேரம் சாப்பிட்டாள். பின்னால் ஒருவர் வந்து நின்றார். பதறிப்போய் எழுந்திருக்கப் பார்த்தவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். நின்றவரிடம், "சார், இது சாம்பார் சீட்டு, வேற பக்கம் போங்க" என்றேன். அனுபவஸ்தர் போலிருக்கிறது, சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

"எப்படிம்மா இருந்தது?"

"ரசம் பரவாயில்லை. அல்வால சர்க்கரை ஜாஸ்தி. கூட்டுல தேங்காயே காணோம்" என்றாள். பிறகு வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அடுத்த வருஷமும் செவ்வாய்க்கிழமையே வரலாம்" என்றாள்.

* * *

மூன்றரை மணிக்கு மச்சானுக்கு மெசேஜ் அனுப்பினேன். பி.காம். படித்தவன் என்பதால் நம்பர் போட்டு எழுதினேன்.

'1. உங்களுக்கும் அக்காவுக்கும் மட்டும் என்றால் புக் செய்யவே வேண்டாம். பசிக்கிற நேரத்தில் கிடைக்கிற இடத்தில் சாப்பிடலாம். வெந்நீர், ஊறுகாய் பாட்டில் கையில் இருக்கட்டும்.

2. பாப்பாவுக்கு ஆறு வயசு. ஆறு வயசுக் குழந்தை முக்கால் மணி நேரம் வரிசையில் நிற்காது. நின்றாலும் உங்களை நிற்க விடாது. அந்தக் கோட்டைக்குள் சாப்பிட வேண்டும் என்கிற ஆசையும் இந்த வயசோடு சரி. பன்னிரண்டு வயசில் அதே கோட்டைக்குக் கூப்பிட்டால் உங்களைக் கேலி செய்வாள். ஆகவே அலாரம் வையுங்கள்.

3. பதினைந்து வேளைக்கும் துண்டு போடாதீர்கள். ஒரே ஒரு வேளை போதும். மற்றதையெல்லாம் வயிற்றிடம் விட்டுவிடுங்கள்.

4. போக முடியாது என்று தெரிந்தால் அன்றைக்கே கேன்சல் செய்யவும். பத்து டாலருக்காகச் சொல்லவில்லை. வேறு யாராவது ஒரு பாப்பா வெயிட்டிங் லிஸ்ட்டில் இருப்பாள்.'

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. 'கிடைச்சிடுச்சு மாப்ளே! 12.40 இல்லை, 11.20. பரவாயில்லை, அன்னைக்குக் காலைல டிபனைக் கட் பண்ணிடறோம்.'

வெற்றி வீரனாக வீட்டுக்குப் போனேன். மனைவியிடம் கதை முழுவதையும் சொன்னேன். டிஸ்னி, ரயில்வே, இருபது டேபிள் கணக்கு, எல்லாம். அம்மா ஊஞ்சலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மனைவி காபியை ஆற்றியபடியே பொறுமையாகக் கேட்டாள்.

"அம்மாவுக்கு ரெண்டு மாசம் முன்னாடி யோசிச்சீங்க. எங்க அண்ணன் பொண்ணுக்கு ரெண்டு மாசம் முன்னாடி யோசிச்சீங்க. ரொம்ப சந்தோஷம்" என்று டம்ளரை என் முன்னால் வைத்தாள். "நம்ம கல்யாண நாள் எப்பன்னு ஞாபகம் இருக்கா?"

அவசரமாகக் காலண்டரைப் பார்த்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை.

கர்ச்சீப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.